பொட்டிக்கும் வேக்காடு!

'ஓவர்' என்று ஆரம்பிக்கிற சமாசாரங்களில் ஆபீஸ்காரர்களுக்குத் தெரிந்தவை மூன்று. ஓவர்டைம், ஓவர்டிராஃப்ட், மேனேஜர் ஓவராகப் பேசுவது. நாலாவதாக ஒன்று வந்து ரொம்ப நாளாகிறது. ஓவர்கிளாக். பக்கத்து சீட்டில் இருபத்து நாலு வயசுத் தம்பி யாராவது இருந்தால் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "லாப்டாப்ல ஜீபீயூவை ஓவர்கிளாக் பண்ணிட்டேண்ணே!" என்பான். இன்க்ரிமென்ட் வாங்கினவன் முகத்தில்கூட அந்தப் பிரகாசம் இருக்காது. (இன்க்ரிமென்ட் எவ்வளவு என்று தெரிந்தால் நமக்கும் இருக்காது. அது வேறு விஷயம்.)

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சில்லு எதுவானாலும் ஒரு தாளத்துக்குத்தான் வேலை செய்யும். ஒரு தட்டுக்கு ஒரு படி வேலை நகரும். 2,000 மெகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 200 கோடி தட்டு. கம்பெனி குறித்துக் கொடுத்த தாளத்தைவிட வேகமாகத் தட்ட வைப்பதுதான் ஓவர்கிளாக். ஜீபீயூ என்பது படம் வரைகிற சில்லு. கேம்ஸ், வீடியோ எடிட்டிங், இப்போது ஏ.ஐ. என்று அதன் தலையில்தான் எல்லாச் சுமையும்.

இந்த ஆசை புதுசும் இல்லை. 1998-ல் இன்டெல் கம்பெனி 'செலரான் 300ஏ' என்று ஒரு மலிவு சில்லு போட்டது. 300 மெகாஹெர்ட்ஸ். போர்டில் 66-ல் இருக்கும் பஸ் வேகத்தை 100-க்குத் திருப்பினால் அதே சில்லு 450-ல் ஓடியது. ஐம்பது சதவிகிதம் லாபம்! உலகம் பூராவும் பையன்கள் மலிவான சில்லை வாங்கி, பணக்காரச் சில்லின் வேலையை வாங்கினார்கள். இதில் கேடிகளும் புகுந்தார்கள். மெதுவான சில்லின் மேலிருக்கும் எண்ணை அழித்துவிட்டு, பெரிய எண்ணை அச்சடித்து விற்ற வியாபாரம் தொண்ணூறுகளில் ஜோராக நடந்தது. இன்டெல் தன் சில்லுகளில் வேகப் பெருக்கலுக்குப் பூட்டுப் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதெல்லாம் மேஜைக் கம்ப்யூட்டர் காலம். டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒரு ஆள் கை காலை நீட்டிப் படுக்கலாம். ஃபேன் போதவில்லை என்றால் பெரிய ஃபேன், அதுவும் போதவில்லை என்றால் மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேன். லாப்டாப்பில் அந்த ஜம்பம் சாயாது.

ஏன் என்பதற்கு நான் படித்த பி.காம். கணக்கே போதும். சில்லு தின்கிற கரெண்ட், தாளத்தோடு வோல்டேஜைப் பெருக்கி, இன்னொரு முறை வோல்டேஜால் பெருக்கினால் வருகிற கணக்கு. வேகம் கூட்டினால் சில்லு தடுமாறும். தடுமாறாமலிருக்க வோல்டேஜ் கூட்ட வேண்டும். இரண்டையும் பத்துப் பத்து சதவிகிதம் கூட்டினீர்கள் என்று வையுங்கள். 1.1-ஐ மூன்று தடவை பெருக்கினால் 1.331. அதாவது பத்து சதவிகித வேகத்துக்கு முப்பத்து மூன்று சதவிகிதம் கூடுதல் சூடு. நூறு ரூபாயைப் பத்து வட்டிக்கு, கூட்டு வட்டியில் மூன்று வருஷம் விட்டால் ரூ. 133.10 வருமில்லையா, அச்சு அசல் அதே கணக்கு. நான் இப்போது இருப்பது செட்டிநாட்டுப் பக்கம். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்து வட்டிக் கணக்கு எழுதிய ஊர்க்காரர்களுக்குக் கூட்டு வட்டி யார் பக்கம் நின்றால் நல்லது, யார் பக்கம் நின்றால் வீடு ஏலம் என்பதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. லாப்டாப்பில் அந்த வட்டியைக் கட்டுவது நீங்கள்.

கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால் லாப்டாப்பில் பெரும்பாலும் வோல்டேஜை மேலே ஏற்ற விடமாட்டார்கள். வாட் கணக்குக்கும் ஒரு வரம்பு வைத்துப் பூட்டியிருப்பார்கள். இந்த வரம்பில்தான் ஒரு பெரிய கூத்து. 'ஆர்டிஎக்ஸ் 4060 லாப்டாப்' என்று ஒரு ஜீபீயூ. என்விடியா அதற்குக் கொடுத்திருக்கும் வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. ஒல்லியான லாப்டாப் செய்கிறவர் குறைவான வாட்டில் பூட்டுவார். தடிமனாகச் செய்கிறவர் 115 கொடுப்பார். இரண்டு டப்பா மேலும் அதே ஸ்டிக்கர்தான்! சாப்பாட்டு ஹோட்டல் போர்டில் 'மீல்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கிறது, அளவுச் சாப்பாடா ஃபுல் சாப்பாடா என்று இலையில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். லாப்டாப் வாங்கப் போகிற தம்பிகள் ஜீபீயூ பெயரைக் கேட்டதோடு நிறுத்தாமல், எத்தனை வாட் என்று கேளுங்கள். கடைக்காரர் முழிப்பார். முழிக்கட்டும். நீங்கள் வாட் குறைந்ததை வாங்கிவிட்டு அப்புறம் ஓவர்கிளாக் செய்வது, அளவுச் சாப்பாட்டில் கூட்டை மட்டும் மூன்று தடவை கேட்கிற மாதிரி. சாதம் வராது.

என்விடியாவே இந்த விஷயத்தில் ஒரு தடவை ஊர் வாயில் விழுந்தது. 2014 அக்டோபரில் ஜிடிஎக்ஸ் 980எம், 970எம் என்று லாப்டாப் சில்லுகள் வந்தன. வாங்கினவர்கள் ஓவர்கிளாக் செய்து மகிழ்ந்து கொண்டிருந்தார்கள். 2015 ஆரம்பத்தில் புது டிரைவர் போட்டால், திடீரென்று அந்த வசதியைக் காணோம். கேட்டதற்கு, 'லாப்டாப் சில்லுகள் ஓவர்கிளாக்குக்காகச் செய்யப்பட்டவை அல்ல, அது டிரைவரில் இருந்த ஒரு பிழை, இப்போது திருத்திவிட்டோம்' என்கிற தோரணையில் பதில் வந்தது. பெரிய பணம் கொடுத்து வாங்கினவர்களுக்கு வராதா கோபம்? வந்தது. கடைசியில் அதே பிப்ரவரி மாதத்திலேயே கம்பெனி இறங்கி வந்து, அடுத்த மாத டிரைவரில் வசதியைத் திருப்பித் தருகிறோம், அதுவரை பழைய டிரைவருக்குப் போய்க் கொள்ளுங்கள் என்றது.

எல்லாரும் அன்றைக்கு வாடிக்கையாளர் கட்சி. நானும்தான். நான் காசு கொடுத்து வாங்கிய பொருளை நான் என்ன செய்தால் உனக்கென்ன? ஆனால் கம்பெனிக்காரன் பயத்திலும் ஒரு நியாயம் இருந்தது. கம்பெனி வாயால் சொல்வதை நம்பாதே, பேலன்ஸ் ஷீட்டில் என்ன புரொவிஷன் வைத்திருக்கிறான் பார் என்பது எங்கள் அக்கவுன்ட்ஸ் வாத்தியார் சொன்னது. 2008 ஜூலையில் இதே என்விடியா 15 கோடியிலிருந்து 20 கோடி டாலர் வரை ஒதுக்கப் போவதாக அறிவித்து, அந்தக் காலாண்டில் 19.6 கோடி டாலரைச் செலவாக எழுதியது. எதற்கு? லாப்டாப்களில் இருந்த சில ஜீபீயூக்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் செத்துக் கொண்டிருந்தன. சில்லையும் அதன் அடித்தட்டையும் ஒட்டுகிற மணிமணியான ஈயப் பற்றவைப்பு, சூடேறிச் சூடேறி ஆறி, கடைசியில் விரிசல் விட்டது. வெயிலில் விரிந்து மழையில் சுருங்கும் மொட்டைமாடித் தளம் போலத்தான். சூட்டினால் வந்த கடனை ஒருவர் அந்த அளவுக்குக் கட்டியிருக்கிறார் என்றால், நாற்பதாயிரம் சம்பளக்காரன் கொஞ்சம் யோசிக்கலாம்.

மானகிரி கதைக்கு வருகிறேன். காரைக்குடியிலிருந்து மதுரை போகிற சாலையில் இருக்கிறது மானகிரி. அங்கே என் அக்கா மகன் கல்யாண வீடியோ எடிட் செய்கிறான். 2011-ல் தமிழக அரசு இலவச லாப்டாப் கொடுக்க ஆரம்பித்ததே, அதற்குப் பின்னால் வந்த பேட்ச்சில் ஒன்று வாங்கித்தான் கம்ப்யூட்டரே கற்றான். அதில் தனி ஜீபீயூ கிடையாது. படம் வரைகிற வேலை பிராசஸருக்குள்ளேயே ஓரமாகக் குடித்தனம் இருந்தது. அதில் எடிட்டிங் பழகி, கையில் நாலு காசு பார்த்து, இப்போது இ.எம்.ஐ.யில் ஒரு கேமிங் லாப்டாப். இன்னும் பதினொரு தவணை பாக்கி.

சித்திரை மாசம். முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். பெண் வீட்டார் சிங்கப்பூருக்குத் திரும்புவதற்குள் வீடியோ வேண்டும் என்று போன் மேல் போன். இவன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எடிட் செய்துவிட்டு, விடிகாலையில் எக்ஸ்போர்ட் கொடுப்பான். அது நகராது.

"மாமா, இதை ஓவர்கிளாக் பண்ணிரலாமா? நூறு மெகாஹெர்ட்ஸ் ஏத்துனா போதும்னு சொல்றாய்ங்க."

"மாப்ளே, மொதல்ல இப்ப என்ன வேகத்துல ஓடுதுன்னு பாத்தியாடா?"

பார்க்கவில்லை. ஜுரம் எத்தனை டிகிரி என்று பார்க்காமல் ஊசி போடச் சொல்கிற பேஷன்ட்.

பார்த்தோம். அவன் ஆபீஸ் என்பது மொட்டைமாடியில் கட்டிய ஒற்றை ரூம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி பத்து மணிக்கு அதைத் திருப்பிக் கக்கிக் கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தோடு வந்த தெர்மாமீட்டர் 37 காட்டியது. எக்ஸ்போர்ட் ஓட்டினால் ஜீபீயூ 87 டிகிரி. தாளம் 1,500 மெகாஹெர்ட்ஸ். அது ஓடக்கூடிய வேகம் 1,900-க்கு மேல்! கம்பெனியே கொடுத்த வேகத்தில் நானூறைக் காணோம். இவன் நூறு ஏற்ற வேண்டும் என்கிறான்.

இதைத்தான் நான் எல்லா ஓவர்கிளாக் தம்பிகளிடமும் சொல்லிக் கொண்டிருக்கிறேன். 2012 மார்ச்சில் ஜிடிஎக்ஸ் 680 வந்ததிலிருந்து என்விடியா சில்லுகளுக்குத் தன்னைத்தானே ஓவர்கிளாக் செய்து கொள்கிற புத்தி உண்டு. சூடு குறைவாக இருக்கிறதா, வாட் மிச்சமிருக்கிறதா, தானே ஏறிக்கொள்ளும். சூடு வரம்பைத் தொட்டால் தானே இறங்கிவிடும். நீங்கள் மேலே தள்ளத் தள்ள அது கீழே உட்காரும். ஐரோப்பாக்காரன் 20 டிகிரி ரூமில் உட்கார்ந்து "நூற்றைம்பது ஏற்றினேன், அற்புதம்" என்று வீடியோ போடுவான். அவன் லாப்டாப் ரூமைவிட 55 டிகிரி அதிகம் சூடாகிறது என்றால் 75-ல் நிற்கும். அதே லாப்டாப் மானகிரி மொட்டைமாடியில் 92-க்குப் போக வேண்டும். போகவிடாது, வேகத்தை வெட்டிவிடும். அவன் செய்ததையே நீங்கள் செய்ய முடியாது. நடுவில் பதினேழு டிகிரி சித்திரை வெயில் நிற்கிறது.

லாப்டாப்பைக் கவிழ்த்து மூடியைத் திறந்தோம். (ஸ்க்ரூவைப் போட்டு வைக்க ஒரு கிண்ணம் அவசியம். ஒன்று குறைந்தால் ராத்திரி தூக்கம் போய்விடும்.) உள்ளே இருப்பது எளிமையான ஏற்பாடு. சில்லின் மேல் ஒரு பசை, அதன் மேல் தட்டையான செம்புக் குழாய். குழாய்க்குள் துளித் தண்ணீர். சூட்டில் அது ஆவியாகி மறு முனைக்கு ஓடும். அங்கே வரிசை வரிசையாக மெல்லிய தகடுகள், ஃபேன் காற்று. குளிர்ந்து மறுபடி தண்ணீராகித் திரும்பி வரும். பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி அந்தத் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவில் கம்பளியே நெய்து வைத்திருந்தது. போதாக்குறைக்கு மாப்பிள்ளை லாப்டாப்பை வைத்திருந்தது மெத்தை மேல். காற்று உள்ளே போகும் வழி அடியில்தான். மூக்கைப் பொத்திக் கொண்டு மலை ஏறச் சொன்னால்?

ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக் கொண்டு (சுற்றவிட்டு ஊதினால் பேரிங் கெடும்) தூசி எடுத்தோம். காய்ந்து போயிருந்த பசையைத் துடைத்துப் புதுப் பசை. இது வாரன்டி முடிந்த லாப்டாப். உங்களுடையது வாரன்டியில் இருந்தால் முதலில் நிபந்தனையைப் படியுங்கள், இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டரில் விடுங்கள்.

அடுத்த வேலை அறையை மாற்றுவது. பக்கத்தில் ஒரு பழைய செட்டியார் வீடு. பங்காளிகள் சென்னையிலும் வெளிநாட்டிலும். வீட்டைப் பார்த்துக் கொள்ளும் ஆச்சி மட்டும் இருக்கிறார். இவன் கரெண்ட் ஒயரும் கையுமாகத் தவிப்பதைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, அந்தப் பொட்டிக்கும் வேக்காடா? இங்கிட்டு கொண்டாந்து வையி" என்றார்.

அந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு தாண்டிப் பின் தெரு வரைக்கும் ஒரே நேர்கோட்டில் வாசல்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். நடுவில் வானம் பார்த்த முற்றம், சூடான காற்று மேலே ஏறி வெளியேற. சுண்ணாம்போடு முட்டை வெண்கரு குழைத்துப் பூசிய தடிச் சுவர். காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல். காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி, சூட்டை வாங்கி வைத்துக் கொள்ளக் கனமாக ஒரு பொருள். லாப்டாப் இன்ஜினீயர் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குள் செய்யப் படாத பாடுபடுவதை, எங்கள் கொத்தனார்கள் தெருவுக்குத் தெரு நீளத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். இப்போது அந்த வீட்டைப் பூட்டிவிட்டு, மொட்டைமாடியில் கான்கிரீட் பெட்டி கட்டி, அதற்கு ஏ.சி. வாங்க லோன் போடுகிறோம். இதைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும், விடுங்கள்.

வளவு ஓரம், பழைய கணக்கெழுதும் மேஜை. லாப்டாப்பின் பின் பக்கத்தை இரண்டு மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். ரூம் 31 டிகிரி. அதே கல்யாணம், அதே எக்ஸ்போர்ட். ஜீபீயூ 78 டிகிரி, 1,900 மெகாஹெர்ட்ஸ். மாடியில் எழுபது நிமிஷம் எடுத்தது ஐம்பத்தாறில் முடிந்தது. பதினாலு நிமிஷம் மிச்சம். ஒழுங்காக ஓடுகிற லாப்டாப்பில் நூறு மெகாஹெர்ட்ஸ் ஏற்றினால் மிஞ்சிப் போனால் ஐந்து சதவிகிதம், அதாவது மூன்று நிமிஷம் கிடைக்கும். காபி ஆறுகிற நேரம்.

"அப்ப ஓவர்கிளாக் வேணாமா மாமா?" அவன் குரலில் ஏமாற்றம். விளையாட்டுச் சாமானை ஒளித்து வைத்த மாதிரி.

வேண்டும் என்றால் செய்யலாம்டா, ஆனால் தலைகீழாக. 'எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்' என்று ஓர் இலவச மென்பொருள். (அதை எழுதுகிறவர் ரஷ்யாக்காரர் ஒருவர். உக்ரைன் போருக்குப் பிறகு கம்பெனியிடமிருந்து பணம் வராமல், வேலை கிட்டத்தட்ட நின்றுவிட்டது என்று 2023 ஜனவரியில் சொன்னார். உலகமே ஓவர்கிளாக் செய்கிறது, எழுதினவருக்குச் சம்பளப் பாக்கி! பிறகு வேலை தொடர்ந்தது.) அதில் கன்ட்ரோலோடு எஃப் தட்டினால் ஒரு வளைகோடு வரும். இந்த வோல்டேஜுக்கு இந்த வேகம் என்கிற அட்டவணை அது. சில்லு 1,900-ஐ ஒரு வோல்ட்டில் ஓடுகிறது என்றால், அதையே 0.9 வோல்ட்டில் ஓடச் சொல்லிப் பார்க்கலாம். 0.9-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 0.81. வேகம் அதே, கரெண்ட் பத்தொன்பது சதவிகிதம் குறைவு. கூட்டு வட்டி இப்போது உங்கள் பக்கம்! இதற்கு அண்டர்வோல்ட் என்று பெயர். மிச்சமான சூட்டில் சில்லு தானே நின்று ஓடும்.

எல்லாச் சில்லும் ஒத்துக்கொள்ளாது. ஒரே தட்டில் சுட்ட முறுக்கிலும் ஒன்று கருகும், ஒன்று வேகாமல் இருக்கும். சில்லும் அப்படியே. சினேகிதனுக்கு 0.85 ஓடியது என்று நீங்களும் எடுத்த எடுப்பில் அதை வைக்காதீர்கள். சின்னச் சின்னப் படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் உங்கள் சொந்த வேலையை ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். திரையில் கலர் கலராகப் புள்ளி பறக்கும், கேம் தானாக மூடிக்கொள்ளும், திரை ஒரு நொடி இருண்டு வரும். அப்படியானால் ஒரு படி பின்வாங்குங்கள். முக்கியமாக, 'கம்ப்யூட்டர் கிளம்பும்போதே இந்த செட்டிங்' என்கிற பட்டனை ஒரு வாரம் தொடாதீர்கள். தொடாதவரை, எது தகராறு செய்தாலும் அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும்.

வாட் பூட்டை உடைக்கிறேன் என்று ஜீபீயூவின் பயாஸையே மாற்றி எழுதுகிற சூரப்புலிகள் உண்டு. அந்த வேலை வேண்டாம். பாதியில் கரெண்ட் போனால் திரையே வராது. ஜெயித்தால்கூட, சார்ஜர் கொடுக்கிற வாட்டைவிட லாப்டாப் அதிகம் கேட்கும்போது சில மாடல்களில் ப்ளக்கில் செருகியிருக்கும்போதே பேட்டரி கரையும்.

பேட்டரி என்றதும் ஞாபகம் வருகிறது. ஜீபீயூவின் சூடு பக்கத்து வீட்டுக்கும் போகிறது, அந்தப் பக்கத்து வீடு லித்தியம் பேட்டரி. லித்தியத்துக்குச் சூடு ஆகாது. சூடாகவும் முழு சார்ஜிலும் சேர்ந்தாற்போல் வைத்திருந்தால் அது சீக்கிரம் கிழடு தட்டும். காரைக்குடிக்காரர்களுக்கு இது வேற்றூர்ச் செய்தியே இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி அங்கே நடக்கிற வேலைகளில் ஒன்று.

நாள் பூராவும் சார்ஜரிலேயே செருகி வைத்து வேலை செய்கிற ஆசாமிகள், லாப்டாப்போடு வந்த மென்பொருளில் 'சார்ஜ் 80 சதவிகிதத்தோடு நிறுத்து' என்று ஒரு வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். பல மாடல்களில் இருக்கிறது. தூசியைப் பொறுத்தவரை, செம்மண் ஊர்களில் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. ஆயுத பூஜைக்கு ஒன்று, சித்திரை பிறக்கும் முன் ஒன்று என்று வைத்துக் கொண்டால் மறக்காது. பொட்டு மட்டும் மூடிக்கு வெளியே வையுங்கள்.